அணு உலை அறிவிப்பு வந்தால் அதை எப்படிப் படிப்பது?

என்னிடம் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருக்கிறது. மின்துறைச் செய்திகளைப் படித்துச் சுருக்கி எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. எந்த நாடு புது அணு உலை கட்டப்போவதாகச் சொன்னாலும் அந்த நோட்டில் ஒரு வரி ஏறிவிடும். ஐந்து கட்டங்கள்: இடம், எத்தனை மெகாவாட், முதலில் சொன்ன ஆண்டு, இப்போது சொல்லும் ஆண்டு, யார் கையெழுத்து பாக்கி. நான்காவது கட்டத்தை மட்டும் பென்சிலில்தான் எழுதுவேன். பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ மூன்றாவது உலைக்கு அந்தக் கட்டத்தில் அழித்து அழித்துத் தாளே ஓட்டையாகிவிட்டது. 2005-ல் வேலையைத் தொடங்கியபோது 2009-ல் முடியும் என்றார்கள். ஒழுங்காக மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தது 2023 ஏப்ரலில்.

பருவநிலை மாற்றம் பற்றிப் பேச்சு எழுந்தால் இந்த விஷயத்தில் எல்லோரும் உடனே கட்சி கட்டிவிடுகிறார்கள். அணுமின்சாரம்தான் தீர்வு, மக்களின் பயம்தான் தடை என்று ஒரு தரப்பு. ஆபத்து, வீண் செலவு என்று இன்னொரு தரப்பு. நோட்டைப் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலான வரிகள் நின்றுபோனது வேறு காரணத்தால். ஓர் அணு உலையை அறிவிப்பவர் ஒருவர், அடிக்கல் நாட்டுபவர் இன்னொருவர், கடன் வாங்குபவர் மூன்றாமவர், திறந்து வைப்பவர் நான்காமவர். நான்கு ஆட்சிகளும் ஒரே முடிவில் நிற்க வேண்டும். அதற்கு நடுவில் யார் வேண்டுமானாலும் 'முடியாது' என்று சொல்லிவிடலாம். ஆகவே அடுத்த முறை அப்படி ஒரு அறிவிப்பைப் படிக்கும்போது, அது நடக்குமா நடக்காதா என்று ஓரளவு ஊகிக்க நான் பார்க்கும் விஷயங்களை இங்கே எழுதுகிறேன். பொறியியல் தெரிந்திருக்க வேண்டாம், எனக்கும் தெரியாது.

முதலில் கரிக்கணக்கைப் போடுங்கள்

இது ஐந்து நிமிட வேலை. ஆயிரம் மெகாவாட் உலை ஒரு மணி நேரம் ஓடினால் பத்து லட்சம் யூனிட். ஆண்டில் தொண்ணூறு சதவீத நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் சுமார் 790 கோடி யூனிட். ஐ.நா.வின் பருவநிலை நிபுணர் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2014 அறிக்கை, சுரங்கத்திலிருந்து கழிவு வரை எல்லாவற்றையும் சேர்த்து, அணுமின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 12 கிராம் கரியமில வாயு, நிலக்கரிக்கு 820 கிராம் என்று இடைநிலை மதிப்பு தருகிறது. வித்தியாசத்தைப் பெருக்குங்கள். அந்த உலை நிலக்கரிக்குப் பதிலாக ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 64 லட்சம் டன் கரியமில வாயு மிச்சம்.

இதையே தாமதத்துக்கும் போடலாம். ஒல்கிலுவோட்டோ மூன்று 1,600 மெகாவாட். அதன் இடத்தில் நிலக்கரி எரிந்திருந்தால் ஒவ்வோர் ஆண்டுத் தாமதத்துக்கும் சுமார் ஒரு கோடி டன். பதினான்கு ஆண்டுத் தாமதம். பருவநிலைக்காகக் கட்டுகிறோம் என்று சொல்லும் எவரிடமும் நான் முதலில் கேட்பது இந்தக் கணக்கைத்தான். உலை எவ்வளவு சுத்தம் என்பதில் பெரிய சண்டை கிடையாது. அது எப்போது வரும் என்பதுதான் கேள்வி, அதற்குப் பதில் இருப்பது அரசியலில்.

தேர்தல்களை எண்ணுங்கள்

அறிவிப்பில் ஓர் ஆண்டு இருக்கும். இன்றிலிருந்து அந்த ஆண்டு வரை அந்த நாட்டில் எத்தனை பொதுத்தேர்தல் வரும் என்று விரல் விட்டு எண்ணுங்கள். அப்புறம் எதிர்க்கட்சி என்ன சொல்கிறது என்று தேடுங்கள். செய்தியின் கடைசிப் பத்தியில் ஒரு வரியாகக் கிடக்கும். பல சமயம் அந்த வரிதான் செய்தி.

இதில் நான் அசிங்கப்பட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் சமூக ஜனநாயகக் கட்சியும் பசுமைக் கட்சியும் சேர்ந்த ஆட்சி 2002-ல் உலைகளைப் படிப்படியாக மூடச் சட்டம் கொண்டுவந்தது. 2010 அக்டோபரில் சான்சலர் மெர்க்கலின் அரசு அதைத் திருத்தி, உலைகளின் ஆயுளைச் சராசரியாகப் பன்னிரண்டு ஆண்டு நீட்டியது. நான் நோட்டில் 'முடிந்தது' என்று மையால் எழுதினேன். ஐந்தே மாதம். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் சுனாமி, புகுஷிமா அணு உலை விபத்து. அடுத்த சில நாட்களில் ஜெர்மனியின் பழைய உலைகள் நிறுத்தப்பட்டன. அதே மாதம் 27-ஆம் தேதி பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத் தேர்தல். பல பத்தாண்டுகளாக அங்கே ஆண்ட மெர்க்கலின் கட்சி ஆட்சியை இழந்தது, பசுமைக் கட்சிக்கு முதல் மாநில முதல்வர் கிடைத்தார். கோடைக்குள் 2022-க்குள் எல்லாவற்றையும் மூடுவது என்று சட்டமாகிவிட்டது. போர்க்கால எரிவாயுத் தட்டுப்பாட்டால் சில மாதம் தள்ளிப்போய், கடைசி மூன்று உலைகள் 2023 ஏப்ரல் 15 அன்று நின்றன.

எல்லோரும் புகுஷிமாவைத்தான் காரணமாகச் சொல்வார்கள். நான் பார்க்கத் தவறியது வேறு. 2002 சட்டத்தில் எதிர்க்கட்சிக்கு உடன்பாடு இல்லை, 2010 திருத்தத்திலும் எதிர்க்கட்சிக்கு உடன்பாடு இல்லை. ஒரு பக்கம் மட்டும் கையெழுத்துப் போட்ட பத்திரம் அது. எப்போது வேண்டுமானாலும் கிழியும் நிலையில்தான் இருந்தது. சுனாமி அன்றைக்கு வந்தது, அவ்வளவுதான்.

பிரான்ஸ் இதற்கு எதிர்த் துருவம். எண்ணெய் விலை ஏறிய கையோடு 1974 மார்ச்சில் பிரதமர் மெஸ்மெர் திட்டத்தை அறிவித்தார். நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு இல்லை. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஐம்பது உலைகள் போல ஓட ஆரம்பித்தன. இன்றும் அந்நாட்டின் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் அணுவிலிருந்துதான். ஐக்கிய அரபு அமீரகத்தின் பராக்கா நிலையமும் அப்படித்தான்: 2009 கடைசியில் ஒப்பந்தம், 2012-ல் கட்டுமானம், 2024-ல் நான்காவது உலையும் வணிக உற்பத்திக்கு வந்துவிட்டது. யாரும் 'முடியாது' என்று சொல்ல முடியாத இடத்தில் வேலை வேகமாக நடக்கிறது. எனக்குப் பிடிக்காத முடிவு இது. ஆனால் நோட்டு அப்படித்தான் சொல்கிறது, குறைந்தபட்சம் உலைகளைப் பொறுத்தவரை. கழிவுக்கு வேறு கதை, பின்னால் வருகிறேன்.

'முடியாது' என்று யார் சொல்லலாம்?

ஐந்தாவது கட்டம் இதற்குத்தான். மத்திய அரசின் அனுமதி கிடைத்துவிட்டது என்று செய்தி வந்தால் பலர் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நியூயார்க்கின் லாங் ஐலண்டில் உள்ள ஷோரம் நிலையத்தைப் பாருங்கள். 1973-ல் கட்ட ஆரம்பித்தார்கள். 1979-ல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணு நிலையத்தில் விபத்து நடந்தது. அதற்குப் பிறகு, சுற்றிலும் பத்து மைல் தூரத்துக்கு மக்களை வெளியேற்றும் திட்டம் இருந்தால்தான் உரிமம் என்று ஆனது. லாங் ஐலண்ட் ஒரு நீண்ட, ஒடுங்கிய தீவு. கிழக்குப் பக்கம் கடல். வெளியே போகும் சாலைகள் எல்லாம் மேற்கே நியூயார்க் நகரத்தை நோக்கி. கிழக்கே இருப்பவர் தப்பிக்க வேண்டுமானால் நிலையம் இருக்கும் திசையில்தான் வர வேண்டும். 1983-ல் சஃபோக் கவுன்டி நிர்வாகம் 'எங்களால் மக்களை வெளியேற்ற முடியாது' என்று சொல்லிவிட்டது. ஆளுநர் மரியோ கோமோவும் கையெழுத்துப் போட மறுத்தார். கட்டடம் முடிந்தது, எரிபொருள் நிரப்பினார்கள், குறைந்த சக்தியில் ஓட்டியும் பார்த்தார்கள். சுமார் 600 கோடி டாலர் போட்ட நிலையம் 1989-ல் ஒரு டாலருக்கு மாநிலத்திடம் கைமாற ஒப்பந்தமாகி, வணிக ரீதியில் ஒரு நாள்கூட ஓடாமல் மூடப்பட்டது. கடன் மட்டும் மக்களின் மின்கட்டணத்தில் ஏறியது.

இங்கே யார் தடுத்தது? தொழில்நுட்ப அனுமதி கொடுக்கும் ஆணையம் இல்லை. சாலைகளுக்கும் போலீசுக்கும் பொறுப்பான உள்ளூர் நிர்வாகம். அதனால் நான் ஒவ்வோர் இடத்துக்கும் இதைத்தான் தேடுவேன்: சட்டப்படி யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்பதோடு, நடைமுறையில் யாரைக் கேட்காமல் நகர முடியாது என்பதையும். ஜப்பானில் உலையை மறுபடி ஓட்ட மாநில ஆளுநரின் சம்மதம் வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. ஆனால் அது இல்லாமல் யாரும் ஓட்டுவதில்லை. அங்கே நீதிமன்றமும் உண்டு. 2016 மார்ச்சில் ஓட்சு மாவட்ட நீதிமன்றம் தகஹாமா உலைகளை நிறுத்தச் சொன்னபோது ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

பொது வாக்கெடுப்பு வந்தால் கேள்வியையும் நாளையும் சேர்த்துப் பாருங்கள். ஆஸ்திரியாவில் ஸ்வென்டென்டோர்ஃப் நிலையத்தைக் கட்டி முடித்துவிட்டு, 1978 நவம்பர் 5 அன்று திறக்கலாமா என்று மக்களைக் கேட்டார்கள். 50.5 சதவீதம் வேண்டாம். பிரதமர் கிரைஸ்கி தோற்றால் பதவி விலகுவேன் என்கிற மாதிரி பேசி வைத்திருந்தார். அவரை அனுப்பினால் போதும் என்றும் பலர் 'வேண்டாம்' போட்டார்கள். அணுவைப் பற்றிய தீர்ப்பா, கிரைஸ்கியைப் பற்றிய தீர்ப்பா என்று பிரித்தெடுக்க முடியாது. அந்த உலை இன்றுவரை ஓடவில்லை. அவர் பதவியும் விலகவில்லை, அடுத்த தேர்தலில் இன்னும் பெரிய வெற்றி பெற்றார்.

எகிறும் செலவை யார் தலையில் கட்டுகிறார்கள்?

மொத்தச் செலவைப் பார்த்து மலைக்க வேண்டாம். அந்த எண் எப்படியும் மாறும். மாறினால் யார் கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறதா, அதைத் தேடுங்கள். மூன்று வழிகள்தான் உண்டு: கட்டுபவர், மின்சாரம் வாங்குபவர், அரசு.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வோகிள் மூன்று, நான்கு உலைகளுக்கு, கட்டி முடிப்பதற்கு முன்பே கட்டணத்தில் வசூலிக்கச் சட்டம் இருந்தது. சுமார் 1,400 கோடி டாலர் என்று ஆரம்பித்தது 3,000 கோடியைத் தாண்டியது. ஏழு ஆண்டு தாமதமாக 2023, 2024-ல் இரண்டும் ஓட ஆரம்பித்தன. பக்கத்துத் தென் கரோலினாவில் அதே வகை உலை, அதே மாதிரி முன்வசூல் சட்டம். 900 கோடி டாலர் போல செலவழித்துவிட்டு 2017 ஜூலையில் கைவிட்டார்கள். நிறுவனத்தின் முன்னாள் தலைவர் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். மக்கள் வராத மின்சாரத்துக்குக் கட்டணம் கட்டினார்கள். சட்டம் ஒன்றே, முடிவு நேரெதிர். அதனால் 'முன்வசூல் இருக்கிறது, நிச்சயம் கட்டிவிடுவார்கள்' என்று எழுதிவிடாதீர்கள், நான் எழுதியிருக்கிறேன்.

பிரிட்டனின் ஹிங்க்லி பாயின்ட் சி நிலையத்தில் வேறு ஏற்பாடு. செலவு ஏறினால் கட்டுபவர் பாடு. பதிலுக்கு யூனிட்டுக்கு 9.25 பென்ஸ், 2012 விலையில், 35 ஆண்டுக்கு உறுதி. அந்த விலையைக் கேட்டு அங்கே எழுந்த கூச்சல் அடங்கவே பல ஆண்டு ஆயிற்று. அதற்குப் பிறகு அதே நாடு சைஸ்வெல் சி என்ற அடுத்த நிலையத்துக்குக் கட்டும்போதே கட்டணத்தில் வசூலிக்கும் முறைக்கு மாறியது. ஒவ்வொரு முறையும் பாரத்தை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றுகிறார்கள்.

சிறிய உலைகள் வந்தால் இதெல்லாம் தீரும் என்பார்கள். தீரலாம். ஆனால் அமெரிக்காவின் ஐடஹோவில் கட்டவிருந்த நுஸ்கேல் நிறுவனத்தின் சிறிய உலைகளுக்கு முன்வந்தவை பெரும்பாலும் சின்ன ஊர்களின் மின்வாரியங்கள். யூனிட் 5.8 சென்ட் என்று சொன்ன விலை 8.9 ஆனதும் போதுமான ஊர்கள் சேரவில்லை; 2023 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. ஊர்வலம் இல்லை, வழக்கு இல்லை. ஊராட்சி மேசையில் ஒரு தாள், அதில் ஒரு விலை.

கழிவு: வேண்டாம் என்று சொல்லும் உரிமை

அமெரிக்கா 1982-ல் சட்டம் போட்டு, 1998 முதல் பயன்படுத்திய எரிபொருளை அரசு எடுத்துக்கொள்ளும் என்று உறுதி கொடுத்தது. அதற்காக அணுமின்சாரம் யூனிட்டுக்கு ஒரு சென்டில் பத்தில் ஒரு பங்கு வசூலும் செய்தது. 1987-ல் மற்ற இடங்களையெல்லாம் விட்டுவிட்டு நெவாடாவின் யுக்கா மலையை மட்டும் ஆராயச் சட்டத்தைத் திருத்தினார்கள். நெவாடாவில் ஓர் அணுமின் நிலையம்கூடக் கிடையாது. 2002-ல் அந்த மாநில ஆளுநர் வேண்டாம் என்று சொன்னதையும் காங்கிரஸ் மீறியது. நெவாடாவிடம் இருந்தது ஒரே ஆயுதம்: அதன் செனட்டர் ஹாரி ரீட். அவர் செனட்டின் பெரும்பான்மைத் தலைவரானார். ஒபாமா காலத்தில் திட்டம் நின்றது. சொன்ன தேதியில் எடுத்துக்கொள்ளாததற்காக அரசு மின்நிறுவனங்களுக்கு இதுவரை 1,000 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு கொடுத்திருக்கிறது. எரிபொருள் அந்தந்த நிலைய வளாகத்திலேயே கிடக்கிறது.

பின்லாந்தில் நகராட்சிக்கு முழு மறுப்புரிமை உண்டு. அதை நாடாளுமன்றத்தாலும் மீற முடியாது. யுராயோக்கி நகராட்சி மன்றம் 2000 ஜனவரியில் கழிவுக் கிடங்கு பற்றி வாக்களித்தது: ஆதரவு 20, எதிர்ப்பு 7. ஊரில் ஏற்கெனவே இரண்டு உலைகள் இருந்தன, அவற்றின் வரியில்தான் ஊரின் கஜானா நிறைந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. மறு ஆண்டு நாடாளுமன்றத்தில் 159-க்கு 3. இன்று ஓன்கலோ என்ற பெயரில் நானூறு மீட்டருக்கும் கீழே பாறையில் குடைந்து வைத்திருக்கிறார்கள். உலை விஷயத்தில் கேட்காதவர்கள் வேகமாகக் கட்டினார்கள் என்று மேலே எழுதினேன். கழிவில் தலைகீழ்: ஆயிரம் தலைமுறைக்குப் பூமிக்கு அடியில் கிடக்கப்போகும் ஒன்றுக்கு, மறுக்க முடிந்த ஊர்தான் சரி என்றது.

இதைச் சோதிக்க எளிய வழி: அறிவிப்பில் 'கழிவு' என்ற சொல்லைத் தேடுங்கள். இல்லாவிட்டால் ஐந்தாவது கட்டத்தில் 'கழிவு' என்று எழுதிக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் 1976 முதல் இருக்கும் சட்டப்படி, கழிவை நிரந்தரமாக வைக்க வழி காணும்வரை புது உலைக்கு அனுமதியே கிடையாது.

பக்கத்து நாட்டையும் ஒரு பார்வை பாருங்கள். ஸ்வீடனின் பார்சபெக் நிலையம் கோபன்ஹேகனிலிருந்து இருபது கிலோமீட்டர். டென்மார்க் விடாமல் நச்சரித்தது, 1999-லும் 2005-லும் மூடினார்கள். உலையை விற்பவர் எந்த நாடு என்பதும் முக்கியம். பின்லாந்தின் ஹன்ஹிகிவி திட்டத்தை ரஷ்ய நிறுவனம் கட்டுவதாக இருந்தது; உக்ரைன் போர் தொடங்கி மூன்று மாதத்துக்குள் ஒப்பந்தம் போய்விட்டது.

பயத்தைக் கடைசியில் வையுங்கள்

வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். புகுஷிமாவில் கதிர்வீச்சால் என்று அரசு ஏற்றுக்கொண்டது ஒரு மரணம். வெளியேற்றத்தின் அலைச்சலால் அந்த மாகாணத்தில் 2,000-க்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். இந்த எண்களைச் சொல்லி யாரையும் சமாதானப்படுத்த முயலாதீர்கள், நான் செய்து பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். 'கதிர்வீச்சு கொல்லவில்லை என்றால் எங்கள் வீட்டை ஏன் விட்டுப் போகச் சொன்னார்கள்?' என்று எதிரே ஒருவர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. அவர் கேட்பது மருத்துவக் கேள்வி இல்லை, அடுத்த முறை யார் முடிவெடுப்பார்கள் என்ற கேள்வி.

கேட்கும் விதத்தில் கேட்டால் மக்கள் நிதானமாகத்தான் யோசிக்கிறார்கள். தென்கொரியாவில் 2017-ல் அதிபர் மூன் ஜே-இன் அரசு, கட்டிக்கொண்டிருந்த ஷின்-கோரி ஐந்து, ஆறு உலைகளை நிறுத்திவிட்டு, 471 சாதாரண மக்களைத் தேர்ந்தெடுத்துப் பொறுப்பைக் கொடுத்தது. நான் நோட்டில் 'நின்றுவிடும்' என்று எழுதினேன். அவர்கள் இரு தரப்பையும் கேட்டு, படித்து, 59.5 சதவீதம் பேர் கட்டி முடியுங்கள் என்றார்கள். அதே குழுவில் 53 சதவீதம் பேர் வருங்காலத்தில் அணுமின்சாரத்தைக் குறைக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். இரண்டும் முரண் என்று பத்திரிகைகள் எழுதின. ஆரம்பித்ததை முடி, புதிதாக ஆரம்பிக்காதே; இதில் என்ன முரண்?

ஒரு வரியை நிரப்பிக் காட்டுகிறேன்

தைவானின் மான்ஷான் இரண்டாவது உலை. 951 மெகாவாட். 2025 மே 17 அன்று நாற்பது ஆண்டு உரிமம் முடிந்து நின்றது. அதோடு அந்தத் தீவில் ஓடும் உலை எதுவும் இல்லை. ஓடுகிற உலையை மூடும் செய்திக்குக் கரிக்கணக்கு சுலபம், ஏனென்றால் நாளைக்கே அந்த இடத்தில் எரிவது எது என்று தெரியும். தைவானில் அது பெரும்பாலும் இறக்குமதி எரிவாயுவும் நிலக்கரியும். நிலக்கரி என்றால் ஆண்டுக்கு 60 லட்சம் டன், எரிவாயு என்றால் அதில் பாதிக்கும் மேல்.

தேர்தல்கள்: அதே நாட்டின் லுங்மென் நிலையம் 1999-ல் கட்டத் தொடங்கி, 2000-ல் புது ஆட்சியில் ரத்தாகி, அரசியலமைப்பு நீதிபதிகளின் விளக்கத்துக்குப் பின் 2001-ல் உயிர்பெற்று, 2014-ல் மூட்டை கட்டப்பட்டது. 2018 வாக்கெடுப்பில் 'அணு இல்லாத 2025' என்ற சட்டப்பிரிவை நீக்கச் சொன்னார்கள். 2021 வாக்கெடுப்பில் லுங்மென்னைத் தொடர வேண்டாம் என்றார்கள்.

மான்ஷான் நிற்பதற்கு நான்கு நாள் முன்பு, எதிர்க்கட்சிகளின் கையில் இருந்த நாடாளுமன்றம் உரிமத்தை இன்னும் இருபது ஆண்டு நீட்டலாம் என்று சட்டத்தைத் திருத்தியது. ஆகஸ்ட் 23-ல் மறுபடி ஓட்டலாமா என்று வாக்கெடுப்பு. ஆம் என்றவர்கள் சுமார் 43 லட்சம், இல்லை என்றவர்கள் 15 லட்சம். நிறைவேற 50 லட்சம் ஆதரவு வேண்டும் என்பது விதி, ஆகவே தோல்வி.

முதலில் சொன்ன ஆண்டு என்ற கட்டத்தில் 2025 என்று, அது மூடப்படவேண்டிய ஆண்டு என்பதால், மையால் எழுதிச் சுழித்திருக்கிறேன். நான்காவது கட்டம் காலி. ஐந்தாவதில் மூன்று பெயர்கள்: பாதுகாப்புச் சோதனை நடத்த வேண்டிய மின்நிறுவனம், அனுமதி கொடுக்க வேண்டிய ஆணையம், அடுத்த தேர்தலில் ஜெயிப்பவர்.